மலையும் பாலையும் ஒரே காலையில்: பிஷப் முதல் டெத் வேலி வரை சிறுவிமானத்தில்

அலாஸ்காவைத் தவிர்த்துப் பார்த்தால் அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரம் விட்னி, 14,505 அடி. வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்ந்த இடம் டெத் வேலியிலுள்ள பேட்வாட்டர், கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே. இரண்டும் கலிஃபோர்னியாவில்தான் இருக்கின்றன. நேர்கோட்டில் அளந்தால் நடுவே சுமார் 85 மைல். மேற்கே சியரா நெவாடாவும் கிழக்கே வெள்ளை மலைகளும் காவல் நிற்க, ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் கிடக்கும் பிஷப் என்ற சிற்றூரிலிருந்து நான்கு இருக்கை செஸ்னாவில் கிளம்பினால், லோன் பைன், டெத் வேலி, யூபிஹீபி எரிமலைவாய், யுரேகா மணல்மேடுகள் எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத் திரும்ப ஏறக்குறைய 200 கடல்மைல். வேகம் 110 நாட், அதாவது மணிக்கு 110 கடல்மைல் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இந்தச் சுற்றில் காட்சிக்கும் காற்றுக்கும் ஒரே கடிகாரம்தான். சூரியன் தாழ இருக்கும்போதுதான் மணல்மேட்டின் முதுகும் பூகம்பம் விட்டுப்போன வெட்டும் நிழல் போட்டுத் தங்களைக் காட்டிக்கொள்ளும். அதே நேரத்தில்தான் தரை சூடேறாமல், காற்று அசையாமல் கிடக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல் வெளிச்சம் தட்டையாகிவிடும், படங்களில் எல்லாமே ஒரே பழுப்பு. தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். ஆகவே விடிந்ததும் சக்கரம் தரையைவிட்டு எழும்ப வேண்டும், பதினொரு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். தூங்கி எழுந்து, காபி குடித்து, ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்று நினைப்பவர்கள் காரில் போவது நல்லது.

மாதம் என்றால் அக்டோபரும் நவம்பர் தொடக்கமும் முதல் தேர்வு. பிப்ரவரி, மார்ச்சில் சியராவில் பனி நிறைந்து பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வசந்தகாலக் காற்று நாள்கணக்கில் விடாது. கோடையைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் இது.

வெப்பம் என்றதும் வியர்வையைத்தான் நினைக்கிறோம். விமானத்துக்கு அது வேறு விஷயம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், புரொப்பெல்லருக்குப் பிடிப்பு குறையும், என்ஜினுக்குள் போகும் காற்றும் குறையும். இந்த மூன்றையும் ஒரே எண்ணில் சொல்வதுதான் டென்சிட்டி ஆல்டிட்யூட். கணக்கு எளிது. கடல்மட்டத்தில் 15 டிகிரி, ஒவ்வொரு 1,000 அடிக்கும் 2 டிகிரி குறைவு என்பது வழக்கமான வெப்பநிலை. அதைவிட எத்தனை டிகிரி அதிகமோ அதை 120 ஆல் பெருக்கி ஓடுபாதையின் உயரத்தோடு கூட்டினால் போதும். காற்றழுத்தம் இயல்பாக இருக்கும் நாளில் பிஷப்பைப் பார்ப்போம். ஓடுபாதை உயரம் சுமார் 4,100 அடி, அங்கே வழக்கமான வெப்பநிலை 7 டிகிரிக்கு அருகில். அக்டோபர் விடியலில் 5 டிகிரி என்றால் விமானம் 3,900 அடியில் இருப்பதாக உணரும். ஜூலை பிற்பகலில் 38 டிகிரி என்றால் 7,900 அடி. ஓடுபாதை அதே இடத்தில்தான் இருக்கிறது, விமானம் மட்டும் ஒரு மலையேறிவிட்டது. டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக் ஓடுபாதை கடல்மட்டத்துக்கு 210 அடி கீழே. அங்கேயும் 45 டிகிரி வெயிலில் இந்தக் கணக்கு 3,300 அடியைத் தாண்டும். டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும் என்று வைத்துக்கொண்டால், 8,000 அடியில் கால்வாசி சக்தி காணாமல் போயிருக்கும்.

இதனால்தான் நான்கு இருக்கை என்றால் நான்கு பேர் என்று எண்ணக் கூடாது. செஸ்னா 172எஸ் அதிகபட்சம் 2,550 பவுண்டு, அதாவது 1,157 கிலோ எடையோடு கிளம்பலாம். வெறும் விமானமே 770, 780 கிலோ வரும். இரண்டு டாங்குகளையும் நிரப்பினால் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 53 கேலன், அது மட்டும் 144 கிலோ. மிச்சம் கிடைக்கும் 235 கிலோவுக்குள் ஆட்கள், தண்ணீர், கேமரா, கயிறு எல்லாம் அடங்க வேண்டும். சாதாரண உடல்வாகுள்ள மூன்று பேர் வந்தாலே கணக்கு முடிந்துவிடும். இந்தச் சுற்றுக்கு மணிக்கு 9 கேலன் என்று போட்டால் 18 முதல் 20 கேலன் செலவாகும். பகலில் அரை மணி நேர இருப்பு போதும் என்கிறது சட்டம். இங்கே ஒரு மணி நேர இருப்புக்குக் குறைவாக வைத்துக்கொண்டு பறப்பது அறிவீனம். ஆக 35 கேலன் போட்டுக் கிளம்பினால் நிறை டாங்கைவிட 49 கிலோ குறையும், இருப்பும் தாராளமாக இருக்கும். வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், பிஷப்பில் போட்டதை வைத்தே திரும்பி வரும்படி கணக்குப் போடுங்கள். எடை கேட்டால் பலரும் ஐந்து கிலோ குறைத்துச் சொல்வார்கள், ஆகவே தராசில் ஏற்றிப் பார்ப்பதே உத்தமம்.

பிஷப்புக்கு எப்படி வந்து சேர்வது என்பது தனிப் பாடம். சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து வருபவர்களுக்குச் சியராவை யோசெமிட்டி பக்கமாகக் குறுக்கே தாண்ட ஆசை வரும். டையோகா கணவாயின் சாலையே 9,943 அடியில் இருக்கிறது. அதற்கு மேல் 2,000 அடி இடைவெளி வேண்டும் என்றால் 12,000 அடி ஆயிற்று. 180 குதிரைத்திறன் செஸ்னா அங்கே ஏறுவதில்லை, தவழும். முதல் முறை வருகிறவர்கள் தெற்கே சுற்றி, 4,000 அடி உயர டெஹாச்சபி கணவாய் வழியாகவோ 5,250 அடி வாக்கர் கணவாய் வழியாகவோ வந்து, 395 நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே ஏறுவது நல்லது. சாலைக்குக் கிழக்கே சைனா லேக் கடற்படைத் தளத்தின் தடைசெய்யப்பட்ட வான்பகுதி இருக்கிறது. அதற்குள் எட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். முந்தின நாள் காலையிலேயே வந்து சேர்ந்து, இரவு தங்கி, மறுநாள் விடியலில் சுற்றைத் தொடங்குவதுதான் நடைமுறைக்கு ஏற்றது.

கிளம்பும்போது கவனிக்க இரண்டு விஷயங்கள். ஒன்று மிக்ஸ்சர், காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி. தாழ்வான ஊர்களில் பறந்து பழகியவர்கள் கைப்பழக்கத்தில் அதை முழுக்க உள்ளே தள்ளிவிடுவார்கள். உயரத்தில், அதுவும் வெயில் ஏறிய நாளில், எரிபொருள் மிகுந்து போய் என்ஜின் தன் சக்தியை முழுதாகத் தராது. கையேடு சொல்லும் அளவுக்கு மிக்ஸ்சரைக் குறைத்துவிட்டே ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். இரண்டாவது, பாதி ஓடுபாதைக்குள் எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுவது. அந்தப் பாதி எங்கே வருகிறது என்பதை முன்பே ஒரு அடையாளத்தோடு பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது வேறொரு மாயம் உண்டு. வேகமானி வழக்கமான எண்ணைத்தான் காட்டும், ஆனால் அடர்த்தி குறைந்த காற்றில் உண்மையான வேகம் ஆயிரம் அடிக்குச் சுமார் 2 சதவீதம் கூடுதல். தரை வேகமாக ஓடுவதைப் பார்த்துப் பயந்து, மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்தவர்கள் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து, விழுந்திருக்கிறார்கள். கண்ணை நம்பாமல் வேகமானியை நம்ப வேண்டிய இடம் இது.

இனி காற்று. சியராவின் மேற்குச் சரிவு சாய்வானது, கிழக்குச் சரிவோ செங்குத்து. லோன் பைன் ஓடுபாதை சுமார் 3,700 அடியில் இருக்கிறது, அங்கிருந்து பதின்மூன்று மைலில் விட்னி உச்சி. மேற்கிலிருந்து வரும் காற்று இந்த மலையில் ஏறி இறங்குவதை, கலிங்கு தாண்டும் ஏரித் தண்ணீரை நினைத்துக்கொண்டால் புரிந்துகொள்ளலாம். மேலே வழுவழுவென்று வளைந்து இறங்கும், கீழே விழுந்த இடத்தில் சுழன்று கொந்தளிக்கும். அந்தக் கொந்தளிப்புக்கு ரோட்டர் என்று பெயர். சிறுவிமானத்தைக் கவிழ்த்துவிடும் பலம் அதற்கு உண்டு. 1951, 52 குளிர்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் கிளைடர்களைக் கொண்டுவந்து இந்த மலை அலைகளை அளக்கப் பிஷப்பைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் அதுதான். இவ்வளவு பலமான அலை எளிதில் வேறெங்கும் கிடைக்காது. அடையாளம் வானத்திலேயே இருக்கும். மலைக்கு இணையாக, அசையாமல் நிற்கும், மெருகேறிய விளிம்புள்ள லென்டிக்குலர் மேகங்கள். அவற்றின் கீழே கந்தலாகச் சுருளும் மேகத் துண்டுகள் தெரிந்தால் ரோட்டர் அங்கேயே இருக்கிறது. காற்று மிக உலர்ந்திருந்தால் மேகமே இல்லாமலும் அலை இருக்கும், ஆகவே வானம் சுத்தமாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. மலையுச்சி உயரத்தில் காற்று 25 நாட்டைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு சொன்னால் அன்றைக்குப் பயணம் இல்லை. புதிதாகப் பறப்பவர்களுக்கு இந்த வரம்பை 15 என்றே வைப்பேன்.

கீழ்நோக்கி இழுக்கும் காற்று விமானத்தின் ஏறும் திறனைவிடப் பலமானால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டீவ் ஃபாஸெட்டின் முடிவே சாட்சி. பலூனில் தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர். 2007 செப்டம்பர் 3 அன்று நெவாடாவின் ஒரு பண்ணையிலிருந்து இரண்டு இருக்கை விமானத்தில் கிளம்பியவர் திரும்பவில்லை. மாபெரும் தேடலிலும் கிடைக்காத விமானத்தின் சிதைவுகள், ஓராண்டுக்குப் பிறகு மலையேறி ஒருவர் கண்டெடுத்த அடையாள அட்டைகளை வைத்து மாமத் லேக்ஸ் அருகே சியராவில் கண்டுபிடிக்கப்பட்டன. விமானத்தால் ஏறிச் சமாளிக்க முடியாத கீழிறங்கு காற்றில் சிக்கியதே காரணம் என்று விபத்து விசாரணை வாரியம் முடிவு சொன்னது. அவ்வளவு அனுபவசாலிக்கும் காற்று விலக்குத் தரவில்லை.

ஆகவே மலைமுகட்டை நேருக்கு நேர் போய்த் தாண்டக் கூடாது. 45 டிகிரி கோணத்தில், சரிவாக அணுக வேண்டும். விமானம் இறங்கத் தொடங்கினால் இன்னொரு 45 டிகிரி திரும்பினாலே மலைக்கு இணையாகிவிடலாம், கொஞ்சம் கூடத் திரும்பினால் தாழ்ந்த பக்கம் தப்பிவிடலாம். நேராக வந்தால் அதற்கு ஏறக்குறைய முழு வட்டத்தில் பாதி தேவைப்படும். குறுகிய பள்ளத்தாக்கில் நடுவே பறக்கவும் கூடாது, ஒரு பக்கமாக ஒட்டிப் பறந்தால்தான் திரும்ப முழு அகலம் கிடைக்கும். எந்தப் பக்கம் என்றால், காற்று மோதி மேலேறும் சரிவின் பக்கம். கணக்கையும் பார்த்துவிடுங்கள். 30 டிகிரி சாய்வில், உண்மை வேகம் 90 நாட்டில் திரும்ப ஏறக்குறைய 2,500 அடி அகலம் வேண்டும். 10,000 அடி உயரத்தில் வேகமானி அதே 90 காட்டும்போது உண்மை வேகம் 105ஐத் தொடும், தேவையான அகலமும் 3,400 அடியாகிவிடும். ஏறிக்கொண்டே போகும் பள்ளத்தாக்குக்குள் கீழிருந்து நுழைவது இந்தத் தொழிலில் மிகப் பழைய தவறு. தரை விமானத்தைவிட வேகமாக ஏறும், அதை உணரும்போது திரும்ப இடம் இருக்காது. மேல் முனையிலிருந்து உள்ளே வந்து, தாழ்ந்த பக்கமாக வெளியேறுங்கள்.

இப்போது பயணம். பிஷப்பிலிருந்து தெற்கே போகும்போது சூரியன் இடப்பக்கம், சியரா வலப்பக்கம். கிழக்கு முகம் முழுக்க இளவெயிலில் நனைந்திருக்கும். முன் இருக்கையில் வலது பக்கம் உட்காருபவருக்கு யோகம். காற்று லேசாக இருந்தால் பள்ளத்தாக்கின் நடுவே போகலாம். மேற்குக் காற்று கொஞ்சமாவது இருந்தால் கிழக்கே இன்யோ மலைகளின் பக்கம் ஒதுங்கிப் போவது நல்லது. சியராவை அண்ணாந்து பார்ப்பதைவிடத் தள்ளி நின்று பார்ப்பதில்தான் அதன் உயரம் தெரியும், 8,000 அடிக்கு மேல் ஏறவும் தேவையில்லை. சுண்ணாம்பு வெளுப்பில் இடப்பக்கம் பின்னால் நகர்வது வெள்ளை மலைகள், 4,800 ஆண்டுகளைத் தாண்டிய பிரிசில்கோன் பைன் மரங்கள் இருக்கும் இடம்.

லோன் பைனுக்கு வடக்கே பாலைப் புதருக்கு நடுவே தெருக்களின் சதுரக் கட்டம் ஒன்று தெரியும். வீடுகள் இல்லை, கோடுகள் மட்டும். அது மான்சனார். இரண்டாம் உலகப்போரில் 10,000க்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்த முகாம். சாலையில் போகிறவர்களுக்கு ஒரு காவல் கோபுரமும் சில கட்டிடங்களும்தான் கண்ணில் படும், முகாமின் பரப்பு மேலேயிருந்துதான் விளங்கும். அதைத் தாண்டினால் அலபாமா குன்றுகள், உருண்டைப் பாறைகளின் கூட்டம். குன்றுகளின் கிழக்கு அடிவாரத்தில் தரையில் ஒரு படி போன்ற வெட்டு ஓடும். 1872 மார்ச் 26 நிலநடுக்கத்தில் நிலம் விலகிய தழும்பு அது. காலை எட்டு மணிக்குள் பார்த்தால் நிழலால் தெரியும், பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம்.

அடுத்தது ஓவன்ஸ் ஏரி. 1913இல் திறந்த கால்வாய் இந்தப் பள்ளத்தாக்கின் நீரை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோன பிறகு, 1920களில் ஏரி வறண்டது. காய்ந்த படுகையிலிருந்து கிளம்பும் உப்புப் புழுதி நாட்டிலேயே மோசமான தூசியாக மாற, இப்போது படுகையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து நீர் தெளித்தும் சரளை பரப்பியும் அடக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாத்திகளில் சில இளஞ்சிவப்பு, சில ரத்தச் சிவப்பு. உப்பில் வாழும் நுண்ணுயிரிகளின் நிறம் அது. என் பார்வையில் இந்தச் சுற்றின் மிக விசித்திரமான காட்சி டெத் வேலியில் இல்லை, இங்கேதான்.

ஏரியிலிருந்து கிழக்கே 190ஆம் சாலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாலையைத் தொடர்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. என்ஜின் நின்றால் இறங்க அதுதான் இடம், தேடி வருபவர்களுக்கும் அதுதான் வழி. தெற்கே நழுவினால் மறுபடி சைனா லேக் வான்பகுதி. சாலைக்கு மேலுள்ள வானத்திலும் போர் விமானங்கள் பயிற்சி செய்கின்றன, வார நாள்களில் பள்ளத்தாக்குகளுக்குள் உங்களுக்குக் கீழேயே ஜெட் போகலாம். சனி, ஞாயிறு அமைதியாக இருக்கும். எந்த நாளானாலும் ஜோஷுவா அப்ரோச் என்ற வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தை ரேடியோவில் அழைத்து, எங்கே இருக்கிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பானமின்ட் பள்ளத்தாக்கைத் தாண்டினால் டவுன் கணவாய், சாலை 4,956 அடியில். 7,500 அடியில் போனால் போதிய இடைவெளி, கிழக்கே போகிறவர்களுக்கு விதிப்படியான உயரமும் அதுவே.

அங்கிருந்துதான் பயணிகளின் காதுக்குச் சோதனை. கணவாயைத் தாண்டியதும் தரை சரசரவென்று கடல்மட்டத்துக்கு இறங்கிவிடும். நிமிடத்துக்கு 500 அடி இறங்கினாலும் 7,500 அடியிலிருந்து தரை மட்டம் வரப் பதினைந்து நிமிடம் ஆகும், அதற்குள் விமானம் முப்பது கடல்மைல் போயிருக்கும். அவசரப்பட்டு என்ஜினைத் தணித்து மூக்கைக் கவிழ்த்தால் சிலிண்டர்கள் சட்டென்று குளிரும், பின்னால் இருப்பவர்களுக்குக் காது வலிக்கும். மெஸ்கீட் மணல்மேடுகளைச் சுற்றி அகலமாக வட்டமிட்டு இறங்குங்கள், காட்சியும் கிடைக்கும். இறங்க இறங்க மிக்ஸ்சரைக் கூட்டிக்கொண்டே வர மறக்க வேண்டாம். சளி பிடித்தவர்கள் அன்றைக்கு வராமல் இருப்பதே மேல். மூக்கைப் பிடித்து ஊதினாலும் காது திறக்காத வலி சாதாரணமானதில்லை.

டெத் வேலியில் எவ்வளவு தாழப் பறக்கலாம்? தேசியப் பூங்காக்களின் மேல் தரையிலிருந்து 2,000 அடியாவது விட்டுப் பறக்கும்படி விமானிகளைக் கேட்டுக்கொள்கிறார்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் மதியுங்கள், கீழே நடப்பவர்கள் அமைதிக்காக வந்தவர்கள். உண்மையில் அதற்குக் கீழே போனால் காட்சியும் கெடும். மலைவாய் ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டல் விசிறிகள் மைல்கணக்கில் விரிந்திருக்கின்றன, அவற்றின் உருவம் 3,000 அடிக்கு மேலிருந்துதான் முழுதாகத் தெரியும். விசிறியில் கரும்பட்ட பகுதிகள் பழையவை, நெடுங்காலம் வெயிலில் கிடந்து பாறைகளின் மேல் கருமெருகு படிந்திருக்கும். வெளிறிய தடங்கள் அண்மை வெள்ளத்தின் பாதை. 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் 2.2 அங்குலம் மழை கொட்டியது. பேட்வாட்டரில் ஏரியே உருவாகி மாதக்கணக்கில் நின்றது. அந்த வெள்ளத்தின் தடங்களைச் சாலைகளின் ஓரத்தில் இன்னும் பார்க்கலாம்.

பேட்வாட்டருக்கு மட்டும் சீக்கிரம் போக வேண்டாம். கிழக்கே பிளாக் மலைகள் செங்குத்தாக நிற்பதால் உப்புப் படுகை விடிந்த பிறகும் வெகுநேரம் நிழலில் கிடக்கும். லோன் பைன் பக்கம் நேரத்தைச் செலவழித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். ஆர்ட்டிஸ்ட்ஸ் பேலட் என்ற வண்ணப் பாறைகள் மேற்கு நோக்கியவை. அவை மாலையில்தான் ஒளிரும், காலைச் சுற்றில் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். உப்பு வெளிக்கு மேல் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது, ஒரே வெள்ளை. உயரமானியைப் பாருங்கள். கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கும்போது அதன் முட்கள் பூஜ்யத்தைத் தாண்டிப் பின்னோக்கி நகர்ந்து 9,790 போல் ஏதோ காட்டும். பழுதில்லை, அது கழித்தல் 210.

ஃபர்னஸ் கிரீக்கில் இறங்குவதானால் முந்தின நாளே ஓடுபாதை நிலை பற்றிய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். ஓடுபாதை சுமார் 3,000 அடி நீளம், வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் ஆளாகும் இடம். அங்கே மெக்கானிக் இல்லை. விமானத்தைக் கட்டக் கயிறு நீங்களே கொண்டுபோங்கள். பெரிய தலைவலி திரும்பக் கிளம்பும்போது வரும். 172எஸ்ஸின் என்ஜின் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வகை. நிறுத்திய அரை மணியில் என்ஜின் கூட்டின் சூட்டில் குழாய்களுக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும், ஸ்டார்ட் ஆகாது. பதறி மறுபடி மறுபடி பிரைம் செய்தால், அதாவது என்ஜினுக்குள் முன்கூட்டியே எரிபொருளைச் செலுத்தினால், அது வழிந்து நிலைமை இன்னும் மோசமாகும், கடைசியில் பேட்டரி தீரும். பிரைம் செய்யாமல், த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து, மிக்ஸ்சரை முழுக்க வெளியே இழுத்த நிலையில் சுழற்றி, பற்றியதும் மிக்ஸ்சரை மெதுவாக உள்ளே தள்ளுவதுதான் வழி. பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை ஓட்டாமல் ஆறவிடுங்கள். இதை வீட்டுப் பக்கம் ஒருமுறை பழகிவிட்டு வருவது நல்லது. இறங்காமலே சுற்றிவிட்டுப் போனாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

வடக்கே திரும்பும் வழியில் ரேஸ்டிராக் உலர்ஏரி. பாறைகள் தாமாக நகர்ந்து தடம் விட்டுப்போகும் இடம் என்று புகழ்பெற்றது. மெல்லிய பனித்தகடுகளைக் காற்று தள்ள, அவை பாறைகளைத் தள்ளுகின்றன என்று 2014இல் வெளியான ஆய்வு நிரூபித்தது. மேலேயிருந்து அந்தப் பாறைகளைத் தேடிக் கழுத்தைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம், தெரியாது. வெளிறிய தரை நடுவே கரிய தீவாக நிற்கும் கிராண்ட்ஸ்டாண்ட் பாறைதான் தெரியும். தரை எவ்வளவு சமமாக இருந்தாலும் அங்கே இறங்குவது சட்டவிரோதம். சற்று வடக்கே யூபிஹீபி, நிலத்தடி நீரை எரிமலைக் குழம்பு தொட்டு வெடித்ததில் உண்டான, அரை மைல் அகலப் பள்ளம். சுற்றிலும் கருஞ்சாம்பல் படர்ந்திருப்பது மேலிருந்துதான் விளங்கும். பிறகு யுரேகா மணல்மேடுகள், ஏறக்குறைய 680 அடி உயரம். பத்து மணிக்குள் வந்துவிட்டால் முகட்டின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாகக் கத்தி விளிம்பு தெரியும்.

படம் எடுப்பவர்களுக்கு: கறுப்பு அல்லது கருநீலச் சட்டை போடுங்கள், வெள்ளைச் சட்டை ஜன்னலில் பிரதிபலித்துப் படத்துக்குள் வந்து நிற்கும். ஷட்டர் 1/1000 அல்லது அதற்கும் வேகமாக. லென்ஸையோ முழங்கையையோ ஜன்னலில் சாய்க்காதீர்கள், என்ஜினின் அதிர்வு அப்படியே ஏறும். போலரைசர் ஃபில்டரை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக அது வானவில் பட்டைகளைத்தான் காட்டும். விமானிக்குப் போலரைஸ்டு கண்ணாடியும் ஆகாது, திரைகள் கறுத்துப்போகும். 172இன் ஜன்னலைப் பறக்கும்போதும் திறக்கலாம், விமானியிடம் சொல்லிவிட்டுத் திறவுங்கள். கேமரா வார் கழுத்தில் இருக்க வேண்டும், லென்ஸின் முன் மாட்டும் ஹூட்டைக் கழற்றிவிட வேண்டும். வட்டமிடும்போது வட்டத்தின் உட்பக்க ஜன்னலில் இருப்பவருக்குத்தான் தரை தெரியும். விமானி இடது இருக்கையில் இருப்பதால் இடமாகச் சுற்றுவதே அவருக்குப் பாதுகாப்பு, அப்போது அவருக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கே நல்ல படம் கிடைக்கும். இருக்கைச் சண்டையை இதை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

குமட்டல் வருமென்று தெரிந்தவர்கள் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், வந்த பிறகு போட்டுப் பயனில்லை. விமானிக்கு அந்த மாத்திரை கூடாது, தூக்கம் தள்ளும். வெறும் வயிறும் நிறைந்த வயிறும் ஒன்றுபோல் கெடுதல், இரண்டு இட்லி அளவு சாப்பிட்டுவிட்டு வரலாம். தொலைவில் அடிவானத்தைப் பார்த்தபடி இருங்கள். கேமராத் திரையைக் குனிந்தே பார்த்துக்கொண்டிருப்பவர்தான் முதலில் பையைக் கேட்பார்.

சொந்தமாக ஓட்டத் தெரியாதவர்கள் பிரைவேட் பைலட் உரிமம் உள்ள நண்பரோடு போகலாம். அவர் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. எரிபொருள், எண்ணெய், விமான வாடகை, விமான நிலையச் செலவு இவற்றை ஆளுக்குச் சமமாகப் பிரித்து, அவர் தன் பங்கையாவது கட்டியாக வேண்டும். மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. பணம் வாங்கி அழைத்துப்போக வேறு உரிமமும் அனுமதியும் வேண்டும்.

ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், தொப்பி, நடக்கத் தகுந்த காலணி, குளிருக்கு ஒரு மேலாடை, செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் கருவி. இவை பின் இருக்கையில் புதைந்து கிடக்கக் கூடாது, கருவி விமானியின் உடம்போடு இருக்க வேண்டும். பெரும்பாலான வழியில் செல்பேசி வேலை செய்யாது. இறங்க நேர்ந்தால் விமானத்தை விட்டு நடந்து போகாமல் அதன் நிழலிலேயே இருங்கள், மேலிருந்து தேடுபவர்களுக்கு மனிதனைவிட இறக்கை சீக்கிரம் தெரியும்.

கிளம்புமுன் ஃபிளைட் சர்வீஸ் என்ற விமானிகளுக்கான தகவல் சேவையில் பயணத் திட்டம் பதிவு செய்து, வானத்தில் ஏறியதும் ரேடியோவில் அதைத் தொடங்கி வைக்க வேண்டும். எந்த வழியாக, எத்தனை மணிக்குள் என்று அதில் எழுதியிருப்பதை வைத்துத்தான் தேடுவார்கள், ஆகவே வழியை மாற்றினால் ரேடியோவில் சொல்லிவிடுங்கள். பிஷப்பில் இறங்கி என்ஜினை நிறுத்தியதும் முதல் வேலை அந்தத் திட்டத்தை மூடுவது. நீங்கள் சொன்ன நேரத்துக்கு அரை மணி கழித்தும் மூடவில்லை என்றால் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். காலை உணவுக் கடையில் நீங்கள் தோசைக்கல் இல்லாத ஊரின் பான்கேக்கைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது, உங்களுக்காக விமான நிலையம் விமான நிலையமாகப் போன் போய்க்கொண்டிருக்கும்.